ஸ்லைடில் ஒன்றுமில்லை, பிசிஆரில் தைலேரியா: நன்றாக இருக்கும் மாட்டுக்கும் ஊசி போட வேண்டுமா?

குப்பனூர் கட்டுத்தறி
ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டுக்கு ஏறும் இரண்டாவது மலைப்பாதை குப்பனூர் வழியாகப் போகிறது அல்லவா, அந்தப் பக்கம்தான் எங்கள் தோட்டம். கட்டுத்தறியில் மூன்று உருப்படி. செவலை, ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈத்து, போன ஐப்பசியில் சினையாக வாங்கி வந்தது. மயிலை, நாட்டு மாடு, மாமனார் காலத்திலிருந்து எங்களோடு இருக்கிறது, இப்போது ஐந்து மாதச் சினை. அப்புறம் செவலையின் கிடேரிக் கன்று, பிறந்து 50 நாள்.

ஆடி முதல் வாரத்தில் ஒரு நாள் செவலை தீனியைத் தொடவில்லை. காலையில் 6 லிட்டர் கறக்கிற மாடு 2 லிட்டரோடு நின்றுவிட்டது. காது சுட்டது, கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. டாக்டர் வந்து பார்த்தபோது காய்ச்சல் 105.6 டிகிரி. காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்லைடில் தேய்த்துக் கொண்டுபோனார். ரத்தத்தில் ஒட்டுண்ணி எதுவும் தெரியவில்லை என்று மறுநாள் சொன்னார். ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசியும் காய்ச்சலுக்கு ஒரு ஊசியும் போட்டார். ஒரு நாள் இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறியது. நான்காம் நாள் தண்ணீர் காட்டும்போதுதான் கவனித்தேன்: தோளுக்கு முன்னால் நெறி கட்டி, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக உருண்டு நின்றது. கண் இமையைப் புரட்டினால் உள்ளே வெளுத்துக் கிடந்தது.

நெறியைத் தொட்டுப் பார்த்ததுமே, இது உண்ணி கடித்து வரும் தைலேரியா ஒட்டுண்ணியாகத்தான் இருக்கும் என்று டாக்டர் அன்றைக்கே புபார்வாகுவோன் ஊசி போட்டுவிட்டார். போடுவதற்கு முன் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தார். மற்ற இரண்டுக்கும் சேர்த்துப் பார்த்துவிடலாமா என்று நான்தான் கேட்டேன். அப்படித்தான் மூன்று குழாய் ஆனது. கோட்டை மாரியம்மன் பண்டிகை லீவு குறுக்கே வந்ததால் குழாய்கள் இரண்டு நாள் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலேயே இருந்தன. அதன்பிறகு வீட்டுக்காரர் ஐஸ் போட்ட குடுவையில் வைத்து நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

நேற்று பிசிஆர் ரிப்போர்ட் வந்தது, ரத்தத்தில் ஒட்டுண்ணியின் டிஎன்ஏவைத் தேடுகிற பரிசோதனையாம். தைலேரியா அனுலேட்டா: செவலை பாசிட்டிவ், மயிலை பாசிட்டிவ், கன்று நெகட்டிவ். கூடவே ஒரு கறுப்புப் படம் இருக்கிறது. ஒரு பக்கம் ஏணிப்படி மாதிரி வெள்ளைக் கோடுகள், நடுவில் இரண்டே இரண்டு தடித்த கோடு, ஓரத்தில் 721 என்று ஒரு எண்.

செவலை இப்போது எழுந்து அசை போடுகிறது, அதில் நிம்மதி. எனக்குப் புரியாதது மயிலை விஷயம். அதற்குக் காய்ச்சல் இல்லை, நெறி இல்லை, நன்றாக மேய்கிறது. டாக்டர், இப்போதைக்கு ஊசி வேண்டாம், பார்ப்போம் என்கிறார். பாசிட்டிவ் என்று வந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது? ஸ்லைடு சொன்னதை நம்பி நான்கு நாள் இழந்தோம், இப்போது இந்த ரிப்போர்ட்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவா? ஃபிரிட்ஜில் வைத்ததால் ஏதாவது தப்பாக வந்திருக்குமா என்றும் ஒரு பயம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த 721 என்ன என்பதையும்.


ஆத்தூர் எருமைப் பட்டி
ஞாயிறு, இரவு 10.25

உங்கள் மாடு எழுந்து நின்றதே பெரிய காரியம்ங்க. மூன்று வருடத்துக்கு முன் இதே காய்ச்சலில் நான் ஒரு எச்எஃப் கலப்பு மாட்டை இழந்தேன். ஸ்லைடு ரிப்போர்ட் வரட்டும், அந்த ரிப்போர்ட் வரட்டும் என்று ஆறு நாள் காத்திருந்ததில் மாடு கீழே விழுந்துவிட்டது. விழுந்த மாட்டை எழுப்ப முடியவில்லை. கன்று போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அதனால் நான் சொல்வது இதுதான். நெறி கட்டி, காய்ச்சல் 105ஐத் தாண்டி, உடம்பில் உண்ணியும் இருந்தால் எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்காதீர்கள். உங்கள் டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார். நாமக்கல் போய் வர ஒரு நாள், ரிப்போர்ட்டுக்குச் சில நாள். இந்தக் காய்ச்சல் அவ்வளவு நேரம் தராது. மயிலைக்குப் பணம் செலவு செய்யாதீர்கள், நாட்டு மாடு தாங்கும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.


ஊதா மூடி
திங்கள், காலை 6.40

வணக்கம் தங்கச்சி. நான் 27 வருடம் கால்நடை நோய் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தவள். இப்போது ஓய்வு, கன்னங்குறிச்சியில் மூக்கனேரிக்குப் பக்கத்தில் வீடு. முதல் 15 வருடம் எனக்கு நுண்ணோக்கி மட்டும்தான். அப்புறம்தான் பிசிஆர் கருவி வந்தது. இரண்டிலும் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஸ்லைடு. அது பொய் சொல்லவில்லை. அதற்கு எட்டின தூரம் அவ்வளவுதான். ஸ்லைடை ஜீம்சா சாயத்தில் ஊறவைத்து எண்ணெய் லென்ஸில் பார்க்கும்போது ஒரு வட்டத்துக்குள் சுமார் 200 சிவப்பணு தெரியும். பொறுமையாக 100 வட்டம் நகர்த்திப் பார்த்தால் 20,000 அணு. அதற்கே அரை மணி நேரம் ஆகும், கழுத்து பிடித்துக்கொள்ளும். ஒரு லட்சம் அணுவுக்கு ஒன்றில்தான் ஒட்டுண்ணி இருக்கிறது என்றால், அப்படி ஐந்து ஸ்லைடு பார்த்தால்தான் ஒன்று கண்ணில் படும். ஒரு ஸ்லைடில் தெரியவில்லை என்பதில் யாருடைய தப்பும் இல்லை.

இப்போது அதே ரத்தத்தைக் குழாயில் எடுப்போம். டிஎன்ஏ பிரிக்க நாங்கள் எடுப்பது ஒரு மில்லியில் ஐந்தில் ஒரு பங்கு. மாட்டு ரத்தத்தில் அந்த அளவுக்குள் சுமார் 120 கோடி சிவப்பணு இருக்கும். லட்சத்துக்கு ஒன்று என்ற அதே கணக்கில் 12,000 ஒட்டுண்ணி. பிரித்தெடுத்த டிஎன்ஏவில் ஐம்பதில் ஒரு பங்கை மட்டும் கருவியில் வைத்தாலும் 240 ஒட்டுண்ணியின் டிஎன்ஏ உள்ளே போகிறது. வழியில் பாதி வீணானாலும் 120. ஸ்லைடில் ஒன்றுகூடக் கிடைக்காத ரத்தம்தான் இது.

உங்கள் செவலை விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது, இதைத்தான் எனக்கு முக்கியமாகச் சொல்லத் தோன்றுகிறது. தைலேரியா உண்ணியிலிருந்து மாட்டுக்குள் வந்ததும் நேராகச் சிவப்பணுவுக்குப் போவதில்லை. முதலில் வெள்ளை அணுவுக்குள், நெறிக்குள் போய் உட்கார்ந்து பெருகுகிறது. பெருகிய பிறகுதான் வெடித்து வந்து சிவப்பணுவில் நுழைகிறது. காய்ச்சல் தொடங்கிய முதல் நாளில் காது ரத்தத்தில் தேடினால் கிடைக்காமல் போவது சகஜம். அந்த நேரத்தில் நெறியில் ஊசி குத்தி ஒரு துளி நீர் எடுத்து ஸ்லைடில் வைத்தால், வெள்ளை அணுவுக்குள் பெருகும் ஒட்டுண்ணி, கோக் நீல உருண்டை என்று நாங்கள் சொல்கிற உருவத்தில் தெளிவாகத் தெரியும். ராபர்ட் கோக்கின் பெயரில் வழங்குவது. அடுத்த முறை எந்த மாட்டுக்காவது நெறி கட்டினால், 'நெறியிலிருந்தும் ஸ்லைடு எடுக்கலாமா' என்று டாக்டரிடம் கேளுங்கள். பஸ் ஏறிப் போகாமல் அன்றைக்கே விடை கிடைத்துவிடும். ஆத்தூர்க்காரர் சொன்னதில் எனக்கு முழு சம்மதம். படுத்துக்கிடக்கும் மாட்டை பிசிஆர் ரிப்போர்ட்டுக்காகக் காக்க வைக்கக் கூடாது.

ஆக்ஸிடெட்ராசைக்ளினில் ஏன் நிற்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இதே மாதிரி காய்ச்சல், வெளுப்பு எல்லாம் அனாபிளாஸ்மாவிலும் வரும். அது பாக்டீரியா வகை, சிவப்பணுவின் ஓரத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். அதற்கு அந்த மருந்து கேட்கும். ரத்த மூத்திரம் வருகிற பபீசியாவுக்கு வேறு மருந்து. தைலேரியாவுக்குத்தான் புபார்வாகுவோன், அது விலை கூடின ஊசி. எது என்று பெயர் தெரிவதில் இவ்வளவு இருக்கிறது.

சரி, 721. டிஎன்ஏ என்பது எழுத்துக்களைக் கோத்த நீண்ட இழை என்று வைத்துக்கொள்ளுங்கள். தைலேரியா அனுலேட்டாவின் மேல்தோலில் ஒரு புரதம் உண்டு. அதற்கான மரபணுவில் ஒரு குறிப்பிட்ட துண்டு 721 எழுத்து நீளம். அந்தத் துண்டின் இரண்டு முனையிலும் மட்டும் போய் ஒட்டுகிற மாதிரி இரண்டு சிறிய இழைகளைச் செய்து குழாயில் போடுவோம், பிரைமர் என்று பெயர். கருவி 94 டிகிரிக்குச் சூடாக்கும்போது டிஎன்ஏவின் இரட்டை இழை பிரியும். 55, 60 டிகிரிக்கு இறக்கும்போது பிரைமர் தன் இடத்தைத் தேடி ஒட்டும். 72 டிகிரியில் ஒரு நொதி அங்கிருந்து இழையை எழுதிக்கொண்டே போகும். ஒன்று இரண்டாகிவிட்டது. இப்படி 30 சுற்று சுற்றினால், கணக்குப்படி ஒரு துண்டு 107 கோடித் துண்டு ஆகும். மாட்டின் டிஎன்ஏ அதே குழாயில் எவ்வளவோ கிடக்கும், அதை இந்தப் பிரைமர் சீண்டாது.

94 டிகிரியில் எந்தப் புரதமும் முட்டைபோல வெந்துவிட வேண்டும், இந்த நொதி மட்டும் எப்படித் தாங்குகிறது என்று முதல் நாள் பயிற்சியில் நான் கேட்டேன். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்தது என்றார்கள். பிசிஆர் முறையைக் கண்டுபிடித்த கேரி முல்லிஸுக்கு 1993ல் நோபல் பரிசு கிடைத்தது. வெந்நீர் ஊற்றில் பாக்டீரியாவைத் தேடிப்போனவர்களுக்கு, அது குப்பனூர் மாட்டுக்கு உதவும் என்று தெரிந்திருக்காது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கடைசியில் அந்தத் திரவத்தை அகரோஸ் என்கிற ஜெல்லிப் பாளத்தில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவோம். சின்னத் துண்டு வேகமாக ஓடும், பெரியது பின்தங்கும். ஏணி என்று நீங்கள் சொன்னது, நீளம் தெரிந்த துண்டுகளின் வரிசை. நாங்களும் அதை ஏணி என்றுதான் சொல்வோம். 700க்கும் 800க்கும் நடுவில், 700ஐ ஒட்டி உங்கள் மாடுகளின் கோடு நிற்கும், பாருங்கள்.

ஒவ்வொரு மாதிரியும் ஓடுகிற வரிசையைப் பாதை என்போம். அந்தப் படத்தில் இன்னும் இரண்டு பாதை இருக்க வேண்டும். ஒன்றில் ஏற்கெனவே நோய் உறுதியான மாட்டின் டிஎன்ஏ, அதில் கோடு விழ வேண்டும். இன்னொன்றில் வெறும் தண்ணீர், அதில் எதுவும் விழக் கூடாது. இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு முறை 14 மாதிரியும் பாசிட்டிவ். எல்லோருக்கும் சந்தோஷம், கருவி நன்றாக வேலை செய்கிறது என்று. நான் கடைசிப் பாதையைப் பார்த்தேன். தண்ணீரிலும் அதே தடிமனில் கோடு. முந்தின நாள் பெருக்கின டிஎன்ஏவைத் தொட்ட, திரவம் உறிஞ்சும் பிப்பெட் ஒன்று இந்த அறைக்கு வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியில் கோடிக்கணக்கான துண்டு இருக்கும், அது போதும். அதற்குள் ஆறு விவசாயிகளுக்குப் போன் போயிருந்தது. திரும்ப ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோம், புதிதாகச் செய்து சொல்கிறோம் என்று நானே பேசினேன். ஒருவர் அதற்குள் மாட்டை விற்க ஆள் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து தண்ணீர்ப் பாதையைப் பார்க்காமல் நான் எந்த ரிப்போர்ட்டையும் கையெழுத்துக்கு அனுப்பியதில்லை. உங்கள் படத்தில் இரண்டே கோடு என்று எழுதியிருக்கிறீர்கள், பாசிட்டிவ் வந்த உங்கள் மாடுகளும் இரண்டு. அப்படியானால் உறுதியான மாட்டின் பாதை உங்களுக்குத் தந்த பகுதியில் இல்லை போலிருக்கிறது. முழுப் படத்தைக் கேளுங்கள், காட்டுவார்கள். உங்கள் கன்றின் பாதை சுத்தமாக இருப்பதே ஒரு நல்ல அடையாளம். எல்லாம் கலந்திருந்தால் அதிலும் கோடு விழுந்திருக்கும்.

ஃபிரிட்ஜ் பயம் வேண்டாம். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் வைக்கும் ஈடிடிஏ இருக்கிறது, அதில் ரத்தம் 4 டிகிரியில் சில நாள் இருந்தாலும் டிஎன்ஏ கெடாது. ஸ்லைடுதான் அன்றன்றைக்கே தேய்க்க வேண்டும், குழாயில் கிடந்த ரத்தத்தில் அணுக்களின் உருவம் மாறிவிடும். ஃபிரீஸரில் வைத்திருந்தால் அணு உடைந்து சிவப்புத் தண்ணீராகியிருக்கும். உடைந்த ரத்தத்தின் சிவப்பு நிறமியே பிசிஆரைத் தடுக்கும், அதைச் சரியாகக் கழுவாவிட்டால் இருக்கிற ஒட்டுண்ணியும் நெகட்டிவ் என்று வரும். பச்சை மூடிக் குழாயில் எடுத்தாலும் இதே தொல்லை. அதில் இருக்கும் ஹெபாரினும் ரத்தம் உறையாமல் வைப்பதுதான், ஆனால் அந்த நொதிக்கு ஆகாது.

இனி மயிலை. பிசிஆர் சொல்வது ஒன்றுதான்: இந்த ஒட்டுண்ணியின் டிஎன்ஏ இந்த ரத்தத்தில் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்று இந்தக் கோட்டுப் படம் சரியாகச் சொல்லாது. மாடு நோயாளியா என்று சொல்லவே சொல்லாது. தைலேரியா வந்து தேறிய மாட்டின் உடம்பில் கொஞ்சம் ஒட்டுண்ணி பல மாதம், வருடக்கணக்கில்கூடத் தங்கும். நாட்டு மாடு சின்ன வயதிலேயே வாங்கி, பெரிதாகக் காட்டாமல் தாங்கி, அப்படியே சுமந்துகொண்டு வளரும். மயிலை அப்படிப்பட்ட மாடாகத்தான் தெரிகிறது. காய்ச்சல், நெறி, வெளுப்பு எதுவும் இல்லாத மாட்டுக்கு அந்த ஊசி போட்டாலும் ஒட்டுண்ணி முழுக்கப் போய்விடும் என்று சொல்ல முடியாது. செவலைகூட இனி சுமக்கிற மாடுதான். உங்கள் டாக்டர் பார்ப்போம் என்றது சரி. பார்ப்பது என்றால் தினமும் வெப்பமானி வைத்துப் பார்ப்பது. சினை மாடு, ஈனும் நேரத்தில் எதிர்ப்பு சக்தி இறங்கும். அப்போது கண்ணை எடுக்காதீர்கள். பிசிவி என்று ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை இருக்கிறது, ரத்தம் குறைகிறதா என்று காட்டும், அதை மாதம் ஒரு முறை பார்த்தால் நல்லது.

செய்ய வேண்டிய வேலை சுவரில் இருக்கிறது. இந்த நோயைக் கடத்தும் ஹயலோமா உண்ணிக்குக் காலில் வெள்ளை வளையம் இருக்கும். குஞ்சாக மயிலையின் ரத்தம் குடித்துவிட்டு விழும், சுவர் விரிசலில் புகுந்து தோலுரிக்கும், வளர்ந்து வந்து அடுத்த மாட்டைக் கடிக்கும். அந்தக் கடியில்தான் நோய். கட்டுத்தறிச் சுவர் மண்ணா, சிமெண்டா? அதை எழுதுங்கள்.


நாகலூர் காபித் தோட்டம்
திங்கள், பகல் 1.15

ஊதா மூடி அக்காவுக்கு வணக்கம். மாடு பற்றிய பேச்சில் நாயைக் கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். ஏற்காடு நாகலூரில் இருக்கிறோம். காட்டுப்பன்றி வருகிறது என்று ராஜபாளையம் நாய் ஒன்று வளர்க்கிறோம். போன மார்கழியில் ஈறு வெளுத்து, மூத்திரம் காபி டிகாஷன் நிறத்தில் போனது. சேலத்தில் காட்டினோம். பபீசியா கிப்சோனி என்று பிசிஆரில் வந்தது. அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் பத்து நாள் கொடுத்தோம். நாய் துள்ளிக் குதிக்க ஆரம்பித்தது. மருந்து முடிந்த மூன்றாம் நாளே ஆர்வத்தில் மறுபடி பிசிஆர் எடுத்தோம், நெகட்டிவ். சந்தோஷமாக இருந்தோம். நான்கு மாதம் கழித்து மறுபடி சோர்வு, மறுபடி பாசிட்டிவ்.

இது புதிதாக உண்ணி கடித்து வந்ததா, பழையதே ஒளிந்திருந்ததா? அந்த நெகட்டிவ் ரிப்போர்ட்டுக்கு என்ன அர்த்தம்? என் மகள் நாயைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவள், அவளுக்கு ஒட்டுமா என்ற பயமும் இருக்கிறது.


ஊதா மூடி
திங்கள், இரவு 8.05

மகளுக்கு வராது, பயப்படாதீர்கள். இந்த பபீசியா நாயிலிருந்து நாய்க்குத்தான். உண்ணி மூலம் வரும், நாய்கள் கடித்துச் சண்டை போடுவதாலும் வரும், ரத்தம் ஏற்றும்போதும் வரும். உங்கள் நாய் காட்டுப்பன்றி விரட்டுகிற நாய், பக்கத்துத் தோட்ட நாய்களோடு சண்டை போடுமா என்று யோசியுங்கள்.

மருந்து முடிந்த மூன்றாம் நாள் எடுத்தது சீக்கிரம். அந்த நேரத்தில் ரத்தத்தில் ஓடுகிற ஒட்டுண்ணி மிகக் குறைந்திருக்கும், நாம் எடுத்த அந்தச் சொட்டில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். பிசிஆர் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் குழாய்க்குள் வராததை அதனால் பார்க்க முடியாது. மண்ணீரல் போன்ற இடங்களில் மிச்சம் இருந்தால் சில வாரத்தில் திரும்பப் பெருகும். அதனால் சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு முறை, மூன்றாம் மாதம் இன்னொரு முறை எடுத்து, இரண்டும் நெகட்டிவ் என்றால்தான் கொஞ்சம் நம்பலாம். இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. மருந்தில் செத்த ஒட்டுண்ணியின் டிஎன்ஏ சில நாள் ரத்தத்தில் மிதக்கும். அந்த நேரத்தில் பாசிட்டிவ் வந்தால் மருந்து கேட்கவில்லை என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது.

பழையதா புதியதா என்ற கேள்விக்குச் சாதாரண பிசிஆரில் விடை இல்லை. உங்கள் நாய் விஷயத்தில் பழையது என்றே எனக்குத் தோன்றுகிறது. இனி அந்த நாயின் ரத்தத்தை வேறு எந்த நாய்க்கும் கொடுக்க விடாதீர்கள். மருந்து கேட்காமல் போகிறதா என்று பார்க்க, சைட்டோக்ரோம் பி என்ற மரபணுவின் எழுத்துக்களை வரிசையாகப் படித்துப் பார்ப்பார்கள். அதில் எழுத்து மாறியிருந்தால் அட்டோவாகுவோன் வேலை செய்யாது. மாட்டுத் தைலேரியாவிலும் இதே மரபணுவில் மாற்றம் வந்து புபார்வாகுவோன் கேட்காமல் போனதைத் துனிசியாவிலும் ஈரானிலும் பார்த்திருக்கிறார்கள். தேவையில்லாத மாட்டுக்கு ஊசி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

பெயர் சரியாகத் தெரிவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மனிதர் பக்கத்திலும் ஒரு கதை இருக்கிறது. மலேசியாவின் சரவாக்கில் நுண்ணோக்கியில் பார்த்து, சாதுவான ஒரு வகை மலேரியா என்று எழுதிவந்தார்கள். நோயாளிகளோ எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தார்கள். 2004ல் வெளிவந்த ஆய்வில் பிசிஆர் வைத்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி குரங்கு மலேரியாவான நோலசி. ஸ்லைடில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். நோலசி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும், சீக்கிரம் ஆளைத் தள்ளும்.


குப்பனூர் கட்டுத்தறி
செவ்வாய், இரவு 9.50

அக்கா, உங்கள் பதிலை வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் இரண்டு முறை படித்துக் காட்டினேன். சுவர் பாதி மண், பாதி கருங்கல். இன்று சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்தோம். கல் இடுக்கில் குச்சி விட்டு நோண்டினால் உதிர்ந்து விழுகிறது, நீங்கள் சொன்ன அதே வளையக் கால். ஒரே இடுக்கில் 40க்கு மேல் எண்ணினேன். செவலையின் கழுத்துக் கயிற்றுக்கு நேர் பின்னால் இருக்கிற இடுக்கு அது. இத்தனை நாள் சாணி அள்ளி, கழுவி, மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அந்தச் சுவரை ஒரு நாளும் பார்க்கவில்லை.

நாளைக்கு மாடுகளைப் புளியமரத்தடிக்கு மாற்றிவிட்டு, இடுக்குகளைத் தீய்த்து, சிமெண்ட் பூசி, சுண்ணாம்பு அடிக்கப் போகிறோம். நாட்டுக்கோழிகளையும் பகலில் உள்ளே விடச் சொன்னார் மாமியார், உண்ணியைப் பொறுக்கும் என்று. மாட்டின் மேல் ஊற்றும் மருந்து டாக்டர் எழுதித் தந்திருக்கிறார்.

முழுப் படத்தையும் போனில் அனுப்பச் சொன்னேன், அனுப்பினார்கள். ஐந்து பாதை. உறுதியான மாட்டில் கோடு, தண்ணீரில் ஒன்றுமில்லை.

மாமியாருக்கு ஒரு கவலை. மயிலைதான் செவலைக்குக் கொடுத்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். அதை விற்கச் சொல்வோமோ என்று பயப்படுகிறார். அப்புறம் கன்று. அது நெகட்டிவ் என்று வந்ததை நம்பலாமா? சீம்பால் குடித்த கன்றுக்குத் தாயின் நோய் ரத்தப் பரிசோதனையில் காட்டும் என்று ஒருவர் சொன்னார்.


ஊதா மூடி
புதன், காலை 6.20

மாமியாரிடம் சொல்லுங்கள், யார் யாருக்குக் கொடுத்தது என்று அந்தப் படத்தில் எழுதியிருக்கவில்லை. செவலை வாங்கி வரும்போதே சுமந்து வந்திருக்கலாம், கன்று போட்ட பலவீனத்தில் வெளியே வந்திருக்கலாம். மயிலையை விற்க ஒரு காரணமும் இல்லை. உண்ணி இல்லாத கட்டுத்தறியில் மயிலை யாருக்கும் கெடுதல் செய்யாது. ஒரு ஆறுதலும் இருக்கிறது: இந்த ஒட்டுண்ணி உண்ணியின் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. பபீசியாதான் அப்படிப் போகும். புதிதாகப் பொரிந்த குஞ்சு சுத்தமாகத்தான் இருக்கும், நோயுள்ள ரத்தம் குடித்த பிறகுதான் கெடும். அதனால் இப்போது இடுக்கில் இருப்பதை அழித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சீம்பால் விஷயம் சொன்னவர் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார், ஆனால் அது எலைசா மாதிரி எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனைக்கு. தாயின் எதிர்ப்பொருள் சீம்பாலில் வந்து கன்றின் ரத்தத்தில் சில மாதம் இருக்கும், நோயே இல்லாத கன்றும் அதில் பாசிட்டிவ் காட்டும். பிசிஆர் ஒட்டுண்ணியின் டிஎன்ஏவைத் தேடுகிறது, அதைச் சீம்பால் ஏமாற்றாது. ரத்தம் எடுத்த அன்றைக்குக் கன்று சுத்தம், அதை நம்புங்கள். அதற்கு முந்தின வாரம் உண்ணி கடித்திருந்தால் மட்டும் அது இன்னும் ரத்தத்தில் தெரியாமல் இருக்கலாம். இன்னும் மூன்று வாரம் கன்றின் காய்ச்சலைக் காலையும் மாலையும் பாருங்கள். 103ஐத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட்டு நெறியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வாரம் கழித்து ஒரு குழாய் ரத்தம் எடுங்கள், ஊதா மூடி, எடுத்ததும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். அதற்குள் கன்றுக்கு இரண்டு மாதம் தாண்டியிருக்கும், தைலேரியா தடுப்பூசி பற்றியும் டாக்டரிடம் அப்போதே பேசலாம். நாமக்கல் வரை அலைய வேண்டாம் என்றால் தலைவாசல் கல்லூரியிலும், சேலத்தில் இருக்கும் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலும் முதலில் போன் செய்து, இந்தப் பரிசோதனை இப்போது செய்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

தீய்க்கும்போது கூரையில் சோளத்தட்டு இருந்தால் முதலில் இறக்கிவிடுங்கள். பூசும்போது தாழிக்குப் பின்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், அங்கேதான் யாரும் கை விடுவதில்லை.